நல்ல மனிசனா, கெட்டிக்காரனா? காங்கேசன்துறைத் தொகுதி சொன்ன பதில்கள்

2024 நவம்பர் பொதுத்தேர்தல் முடிவு வந்த பிறகு கூடிய எங்கட வாசிப்பு வட்டத்தில, எடுத்து வைத்திருந்த புத்தகத்தை ஒருத்தரும் திறக்கவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு. வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவொன்றுக்கு ஒன்று. இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கதைத்து முடிய யோசிச்சுப் பார்த்தால், எல்லாரும் மாறி மாறி இரண்டே இரண்டு சொல்லைத்தான் பாவிச்சிருக்கிறோம்: நல்லவர், கெட்டிக்காரர். "அவங்கள் களவெடுக்க மாட்டாங்கள் எண்டு சனம் நம்புது" என்றார் ஒருவர். "எங்கட ஆக்கள் நல்லவையா இருந்து என்ன, ஒரு வேலையும் நடக்கேல்லையே" என்றார் இன்னொருவர். கடைசியில, எங்களில வயதில மூத்த ஒருவர், "தந்தை செல்வா காலத்தில சனம் நல்ல மனிசனுக்குத்தான் போட்டது, இப்ப சனம் மாறிப்போச்சு" என்று முடித்து வைத்தார்.

இது எங்கட வீடுகளில எல்லாம் புழங்குகிற கதை. அப்புமார் சொல்லி அப்பாமார் சொல்லி எங்களிட்ட வந்தது. சரியோ என்று ஒருக்கா பார்ப்போம் என்று பழைய தேர்தல் முடிவுகளை எடுத்தோம். முதலாவது பக்கத்திலேயே இடறினோம். 1952 பொதுத்தேர்தல், காங்கேசன்துறைத் தொகுதி: எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தோல்வி. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன்.

செல்வநாயகத்தை யாழ்ப்பாணத்துச் சனம் தோற்கடித்தது. அதுவும் அவர் வாழ்க்கையிலேயே ஆகத் துணிச்சலான, ஆக நேர்மையான முடிவை எடுத்து மூன்று வருசத்துக்குள்ள. நல்லவருக்குத்தான் சனம் போட்டது என்றால் இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். 1947 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. அந்த வெற்றி முழுக்க ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் வெற்றி. கேம்பிரிட்ஜில் படித்தவர். குற்றவியல் வழக்கில் அவர் குறுக்கு விசாரணை செய்கிறார் என்றால், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஆக்களும் கோட்டடியில் போய் நிற்பார்களாம். அரசாங்க சபையில் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு மணிக்கணக்கில் பேசியவர். சோல்பரி ஆணைக்குழு முன்னால் தமிழர் தரப்பை எடுத்து வைத்தவர். யாழ்ப்பாணத் தொகுதியில் அவர் தோற்கடித்தது சாதாரண ஆளை இல்லை, சேர் பொன். அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவாவை. கெட்டிக்காரத்தனம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து யாழ்ப்பாணம் ஒரு படம் கீறியிருந்தால் அது ஜீ.ஜீ.யின் முகமாகத்தான் இருந்திருக்கும். 

அவருடைய வாய் வினையாகவும் முடிந்திருக்கிறது. 1939 இல் நாவலப்பிட்டியில் அவர் பேசிய பேச்சுக்குப் பிறகு மூண்ட கலவரத்தை, இந்த நாட்டின் முதலாவது சிங்கள–தமிழ்க் கலவரம் என்று சொல்பவர்கள் உண்டு. அதையும் அவர் கெட்டித்தனத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

செல்வநாயகம் அதே காங்கிரஸில் இரண்டாம் வரிசை. 1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். சிவில் வழக்கறிஞர். மெல்லிய குரல், மேடைப் பேச்சு வராது. பிந்திய காலத்தில் காதும் மந்தம், நடுக்குவாத நோயும் வந்துவிட்டது. சைவர்கள் பெரும்பான்மையான தொகுதியில் கிறிஸ்தவர். தேர்தலுக்கு ஆள் தேடுகிற எந்தக் கட்சியும் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுகிற ஆள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரையும் பிரித்தது பிரஜாவுரிமை. 1948 ஆகஸ்ட் மாதம் பாராளுமன்றத்துக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம், மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. அந்த வாக்கெடுப்பில் ஜீ.ஜீ. எதிர்த்துத்தான் வாக்களித்தார். இதை மறந்துவிட்டு எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் அடுத்த மாதமே டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராகப் பதவியேற்றார். பிறகு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் 1949 இல் வந்தபோது அமைச்சரவையில் இருந்தபடியே ஆதரவு கொடுத்தார். செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தார்கள். இன்றைக்கு மலையகத் தமிழருக்கு நடப்பது நாளைக்கு மொழியின் பெயரால் மற்றத் தமிழருக்கும் நடக்கும் என்பதுதான் செல்வநாயகத்தின் வாதம். 1949 டிசெம்பர் 18 ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது.

1947 இல் தோட்டப் பகுதிகளில் இருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952 இல் ஒருவரும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லாத சனம் யாருக்குப் போடுவது?

ஜீ.ஜீ.யின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியில் இருந்து கத்தினால் என்ன கிடைக்கும், உள்ளே போனால் எதையாவது வாங்கலாம் என்பது அவர் கணக்கு. வாங்கவும் செய்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனை கடதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, மூன்றும் அவருடைய அமைச்சுக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை. எங்கள் வட்டத்தில் ஒருவருடைய தாத்தா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தச் சம்பளத்தில்தான் ஆறு பிள்ளைகளும் படித்தார்கள். அவர்கள் வீட்டில் ஜீ.ஜீ.யைத் துரோகி என்று சொன்னால் இன்றைக்கும் சாப்பாடு போட மாட்டினம்.

அந்தச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது செல்வநாயகத்தின் தொகுதியில். 1952 இல் காங்கேசன்துறை வாக்காளரின் முன்னால் இருந்த தெரிவை அப்படியே யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம், தன் தொகுதியில் ஒரு வாக்குக் கூட இல்லாத தோட்டத் தொழிலாளருக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு வந்த மனிசன். அவரால் ஒரு பியோன் வேலை கூட எடுத்துத் தர முடியாது. மற்றப் பக்கம், ஆளுங்கட்சி. அதன் வேட்பாளரோ பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், சேர் பொன். இராமநாதனின் மருமகன், சைவர். புகைக்கூண்டு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சனம் ஆளுங்கட்சிக்குப் போட்டது. தமிழரசுக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது இரண்டே ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். காங்கிரஸுக்கு நாலு.

செல்வநாயகம் வேதக்காரர் என்பதும் அந்தத் தோல்வியில் ஒரு பங்கு என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1947 இலும் அவர் வேதக்காரர்தான், 1956 இலும் வேதக்காரர்தான். இரண்டு முறையும் வென்றார். சமயம் மட்டும் காரணம் என்று எங்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, 1956. நாலு வருசத்தில் எல்லாம் தலைகீழ். தமிழரசுக்குப் பத்து ஆசனம். காங்கிரஸுக்கு ஒன்று, அது ஜீ.ஜீ. மட்டும். செல்வநாயகம் காங்கேசன்துறையை மீண்டும் எடுத்தார். இடையில் என்ன நடந்தது? செல்வநாயகம் 1952 ஐ விட நல்லவராகிவிடவில்லை. ஜீ.ஜீ.யின் மூளையும் மழுங்கிப் போகவில்லை. மாறினது கொழும்பு. 1953 இல் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானதும் ஜீ.ஜீ.க்கு அமைச்சர் பதவி போனது. 1954 இல் யாழ்ப்பாணம் வந்த சேர் ஜோன், கொக்குவிலில் வைத்து இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து என்று வாக்குக் கொடுத்தார். தெற்கில் கிளம்பிய எதிர்ப்பில் அது கரைந்தது. 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐ.தே.க. மாநாடு சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. பண்டாரநாயக்கா அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போது ஜீ.ஜீ.யின் கெட்டிக்காரத்தனத்துக்கு என்ன பெறுமதி? அவருடைய திறமை பேரம் பேசுகிற திறமை. எதிரே இருப்பவன் பேரத்துக்குத் தயார் என்றால்தான் அது வேலை செய்யும். தெற்கின் இரண்டு பெரிய கட்சியும் ஒரே சாமானை விற்கத் தொடங்கியபோது, கொழும்பில் வாங்க ஒன்றும் இல்லை. அப்ப சனத்துக்கு 1949 நினைவுக்கு வந்தது. 'நாளைக்கு மொழி' என்று சொன்ன மனிசன் சொன்னபடியே நடந்துவிட்டது. 1952 இல் உதவாத பிடிவாதமாகத் தெரிந்தது 1956 இல் தீர்க்கதரிசனமாகத் தெரிந்தது. குணத்துக்கு விழுந்த வாக்கு என்று எங்கட அப்புமார் சொன்னது இந்தத் தேர்தலைத்தான். அது பொய்யில்லை, ஆனால் பாதிக்கதை. நாலு வருசத்துக்கு முதல் அதே குணத்தைத் தோற்கடித்துவிட்டு வந்த கதை மற்றப் பாதி.

அந்த மறதிக்கு ஒரு பாவனை இருந்தது என்று நினைக்கிறோம். 1956 க்குப் பிறகு தமிழரசுக் கட்சியின் முதல், மூலதனம், வட்டி எல்லாம் செல்வநாயகத்தின் குணம்தான். காசுக்கு ஆசைப்படாதவர், பதவி கேட்காதவர், பொய் சொல்லாதவர். இதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. அவரைப் பற்றிய முக்கியமான ஆங்கில நூலை எழுதிய ஏ.ஜே. வில்சன் அவருடைய மருமகன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசித்தாலும், அந்த நேர்மையில் சந்தேகப்பட இடமில்லை. 1961 சத்தியாக்கிரகத்தில் அந்த மெலிந்த உடம்போடு கச்சேரி வாசலில் இருந்த மனிசன்.

பிரச்சினை மனிசனில் இல்லை. அந்த மனிசனைக் காட்டிக் காட்டி, கட்சி மற்றக் கேள்விகளில் இருந்து தப்பிக்கொண்டது. 1957 யூலையில் எழுதிய பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எடுங்கள். பிரதேச சபைகள், தமிழ் மொழி, குடியேற்றம் எல்லாம் இருக்கிறது. கட்சி பிறந்ததற்கே காரணமான மலையகத்தாரின் பிரஜாவுரிமைக்கு மட்டும், விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவில் ஒரு உறுதி. ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிக்கப்பட்டது. கிழிக்காமல் இருந்திருந்தாலும் தோட்டத்துச் சனத்துக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்கலாம். கேட்டவர்கள் குறைவு. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். அதை நடைமுறைப்படுத்துகிற சட்டம் 1967 இல் வந்தபோது தமிழரசு இருந்தது எங்கே? அதே அரசாங்கத்துக்குள்ள.

ஓம், அரசாங்கத்துக்குள்ள. 1965 மார்ச்சில் டட்லி–செல்வா ஒப்பந்தம். மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். 1948 இல் ஜீ.ஜீ. எந்த வாசலால் உள்ளே போனார் என்று பதினாறு வருசம் மேடை மேடையாகத் திட்டினார்களோ, அதே ஐ.தே.க. வாசலால். ஜீ.ஜீ.யின் காங்கிரஸும் அந்த அரசாங்கத்தை ஆதரித்தது. ஆனால் சனம் தமிழரசைத் துரோகி என்று சொல்லவில்லை, ஏனென்றால் செல்வநாயகம் தான் பதவி எடுக்கவில்லை. கட்சி செய்த அதே பேரத்தைத் தலைவரின் குணம் வெள்ளையடித்துக் கொடுத்தது. 1966 தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் வந்தன, அதை மறுக்கக் கூடாது. மாவட்ட சபைச் சட்டமூலம் 1968 இல் கைவிடப்பட்டது. அதே வருசம் திருகோணமலைக் கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக்குகிற விசயத்தில் பிரதமர் தடுத்ததும் திருச்செல்வம் பதவி விலகினார்.

அதே 1968 இல் காங்கேசன்துறைத் தொகுதிக்குள்ளேயே இன்னொரு சோதனை நடந்தது. மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் கதவு. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்துக்குப் பிறகு, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க் கடை, கோயில் என்று ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. மாவிட்டபுரத்தில் மறித்து நின்ற பக்கத்தின் முகம் சி. சுந்தரலிங்கம். தமிழரசுக் கட்சி தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கட்சிதான். செல்வநாயகமும் சாதி பார்க்காதவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் தன் சொந்தத் தொகுதியில், தன் சொந்த வாக்காளர் வாசலுக்கு வெளியே அடி வாங்கியபோது கட்சி முன்னுக்கு வந்து நிற்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்காக 1949 இல் ஆசனத்தையே பணயம் வைத்தவரின் கட்சிக்கு 1968 இல் ஆசனக் கணக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அந்த வரலாற்றில் ஆகக் கஷ்டமான இடம் இதுதான். வாசிப்பு வட்டத்தில் இதை எடுத்தபோது இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். அடுத்த கிழமை வந்தார்கள்.

1970 தேர்தல் வடிவாகப் பார்க்க வேண்டிய தேர்தல். தமிழரசு பதின்மூன்று ஆசனத்தோடு தப்பியது. ஆனால் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும் நல்லூரில் இ.மு.வி. நாகநாதனும் தோற்றார்கள், இரண்டு பேரையும் தோற்கடித்தது காங்கிரஸ். மறுபக்கம் ஜீ.ஜீ.யும் யாழ்ப்பாணத் தொகுதியில் தோற்றார். அவருக்கு அது முதல் தோல்வி இல்லை. 1960 மார்ச்சிலேயே அல்பிரட் துரையப்பா என்ற சுயேச்சை அவரை வீழ்த்தியிருந்தார். துரையப்பா பெரிய அப்புக்காத்து இல்லை, கொள்கைப் பேச்சும் இல்லை. வீட்டு வாசலுக்கு வருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கடிதம் எழுதித் தருவார். கேம்பிரிட்ஜ் கெட்டித்தனத்தை ஊர்க் கெட்டித்தனம் வென்றது. 1970 இல் அவர் தமிழரசு வேட்பாளரிடம் மயிரிழையில்தான் தோற்றார். 1975 யூலை 27 அன்று பொன்னாலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வேலை செய்கிற, ஆனால் அரசாங்கத்தோடு நிற்கிற தமிழனை வாக்கால் தோற்கடிக்கலாம் என்ற பொறுமை அதற்குள் ஒரு தலைமுறைக்குப் போய்விட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்னொரு விசயம். 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்புக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில், 1970 இல் காங்கிரஸில் வென்ற இருவரும் தமிழரசில் வென்ற ஒருவரும் இருந்தார்கள். தலைவரின் நேர்மையைக் காட்டி வாக்கு வாங்கலாம், ஆனால் அந்த நேர்மை வேட்பாளருக்குத் தொற்றாது என்று சனத்துக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த யாப்பை எதிர்த்துச் செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இதே சனத்திடம் திரும்ப வருகிறேன், என்னை ஏற்கிறார்களா யாப்பை ஏற்கிறார்களா பார்ப்போம் என்று சவால். அரசாங்கம் இரண்டு வருசத்துக்கு மேல் இடைத்தேர்தலை இழுத்தடித்தது. கடைசியில் 1975 பெப்ரவரி 6 இல் வைத்தபோது, எழுபத்தாறு வயது, எழும்பி நிற்கவே கஷ்டப்படுகிற மனிசன். அவரை எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். அவரும் ஊரில் மதிப்பான ஆள்தான். செல்வநாயகம் பெரிய வித்தியாசத்தில் வென்றார். 1952 இல் அவரைத் தோற்கடித்த அதே தொகுதி. சீமெந்துத் தொழிற்சாலையின் புகைக்கூண்டு அப்பவும் புகைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நேரம் படித்த பெடியளுக்குத் தரப்படுத்தலால் பல்கலைக்கழக இடம் இல்லை, அரசாங்க வேலை இல்லை. கொழும்போடு ஒத்துப்போனால் கிடைக்கும் என்று காட்ட ஒருவர் கையிலும் சாமான் இல்லை.

இரண்டு பேரும் கடைசியில் ஒரே அணியில் வந்து சேர்ந்தார்கள். 1972 இல் அமைந்த தமிழர் கூட்டணியில் காங்கிரஸும் சேர்ந்தது, 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். ஜீ.ஜீ. 1977 பெப்ரவரி 9 இல் கோலாலம்பூரில் காலமானார். செல்வநாயகம் அதே ஏப்ரல் 26 இல். யூலைத் தேர்தலில் கூட்டணி பதினெட்டு ஆசனம் எடுத்தது. அவ்வளவு ஆசனத்தை அதுவரை எந்தத் தமிழ்க் கட்சியும் எடுத்ததில்லை. அந்த வாக்கு நல்லவருக்குமில்லை, கெட்டிக்காரருக்குமில்லை. இரண்டு பேரும் உயிரோடு இல்லை.

போன மாதம் நாங்கள் நாலு பேர் சைக்கிளில் காங்கேசன்துறைக்குப் போனோம். தொழிற்சாலை 1990 இல் மூடியது, பிறகு அந்தப் பக்கம் முழுக்க உயர் பாதுகாப்பு வலயம். இரும்பெல்லாம் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வரும்போது யாழ்ப்பாண நூலகத்துக்குப் பக்கத்தில் தந்தை செல்வா தூபியடியில் இறங்கித் தண்ணீர் குடித்தோம். தாத்தா தொழிற்சாலையில் வேலை செய்த எங்கட தோழர் தூபியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாத்தா 52 இல ஆருக்குப் போட்டவர் எண்டு நான் கேட்கவே இல்லை" என்றார். தாத்தா செத்து நாலு வருசம். அம்மம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.